சிசிஎன்ஏயா, செக்கியூரிட்டி பிளஸ்ஸா? திருகோணமலையிலிருந்து முதல் சான்றிதழைத் தெரிவு செய்வது எப்படி

ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள், ஏற்கெனவே ஒரு கடையில் லெப்டொப் திருத்திக்கொண்டு இரவில் வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். நெட்வேர்க்கிங் அல்லது செக்கியூரிட்டி பக்கம் போக எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது?

என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மூரிலிருந்து தொடங்குகிற பெரும்பாலானோர் காசு கட்டி எழுத வேண்டிய முதல் பரீட்சை, நெட்வேர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. அதற்கு ஒரு ரூபா கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் படித்து முடித்திருக்க வேண்டும். செக்கியூரிட்டிதான் ஆசை என்றாலும் வழி ஏறக்குறைய இதுவேதான். ஏன் இப்படிச் சொல்கிறேன், யாருக்கு இது பொருந்தாது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போகிற காசு சின்னக் காசு இல்லை, பல வீடுகளில் அது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய் வந்த காசு.

வேலை விளம்பரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

சான்றிதழ்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு லிங்க்ட்இன்னையும் உள்ளூர் வேலை வாய்ப்புத் தளங்களையும் திறவுங்கள். நீங்கள் உண்மையில் போகக்கூடிய இடங்களை மட்டும் பாருங்கள்: திருமலை, கொழும்பு, வளைகுடா. நெட்வேர்க் டெக்னீஷியன், ஐடி சப்போர்ட், நொக் என்ஜினியர், சொக் அனலிஸ்ட் என்ற பெயர்களில் வரும் விளம்பரங்களில் ஒரு இருபது முப்பதை ஒரு கொப்பியில் குறித்து, ஒவ்வொன்றிலும் என்ன சான்றிதழ் கேட்கிறார்கள், எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போதும். இதைச் செய்தவருக்கு மற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

நொக் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் பெரிய வங்கிகளிலும் நெட்வேர்க்கை இருபத்துநான்கு மணிநேரமும் கண்காணிக்கிற பிரிவு, சொக் என்பது அதே மாதிரி தாக்குதல்களைக் கண்காணிக்கிற பிரிவு. இரண்டுமே பெரும்பாலும் கொழும்பில், ஷிஃப்ட் முறையில். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் இங்குள்ள அலுவலகங்களிலும் வேலை வேறு மாதிரி: ஒரே ஆள் வைஃபை, சிசிடிவி, பிரிண்டர், பில் அடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் பார்ப்பார். இந்த இரண்டில் எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் படிப்பு. வீட்டைவிட்டுப் போக முடியாத நிலையில் இருக்கிறவருக்கு சொக் அனலிஸ்ட் கனவை மட்டும் காட்டிப் பெரிய கட்டணம் வாங்குவது நியாயமில்லை.

இணையத்தில் சுற்றுகிற 'டொப் டென்' பட்டியல்களை நம்பி இறங்கவேண்டாம். அவற்றில் மேலே கொம்ப்டியா அமைப்பின் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழான செக்கியூரிட்டி பிளஸ் இருப்பதற்கு ஒரு முக்கிய காரணம், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் கணினிப் பாதுகாப்பு வேலைகள் பலவற்றுக்கு ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ்களில் அதுவும் ஒன்று என்பது. முன்பு 8570 என்றும் இப்போது 8140 என்றும் இலக்கமிட்ட விதி அது. அங்கே அது நேரே வேலைக்கான கதவு. நமக்கு அந்தக் கதவு இல்லை, பாடத்திட்டத்தின் தரம் மட்டும்தான் மிச்சம். அது நல்ல பாடத்திட்டம்தான், ஆனால் 400 டொலரை ஒட்டிய அமெரிக்க விலையை அதற்காக மட்டும் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும்.

யார் தருகிற சான்றிதழ்?

இதை ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்ல ஆசை. ஒரு நிறுவனத்தில் 'சிசிஎன்ஏ கோர்ஸ்' படித்து முடித்ததும் அந்த நிறுவனம் ஒரு சான்றிதழ் தரும், சட்டம் போட்டு மாட்டுகிற அளவுக்கு அழகாகவும் இருக்கும். அது அந்த வகுப்பை முடித்ததற்கான சான்று மட்டுமே. சிசிஎன்ஏ சான்றிதழ் என்பது பரீட்சைகளை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் வழியாக 200-301 என்ற பரீட்சையை எழுதிச் சித்தியடைந்த பிறகு சிஸ்கோ தருவது. 'எத்திக்கல் ஹெக்கிங்' வகுப்புகளிலும் இதே கதைதான். ஆகவே காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: "இந்தக் கட்டணத்தில் பரீட்சை வவுச்சர் இருக்கா, இல்லையா?" வவுச்சர் என்பது பரீட்சைக் கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் இலக்கம். அது இல்லை என்றால் நீங்கள் கட்டுவது வெறும் டியூஷன் காசு. டியூஷன் தப்பில்லை, நல்ல ஆசிரியர் கிடைத்தால் பெரிய உதவி, ஆனால் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டவேண்டும்.

என்.வி.கியூ. வேறு வகை. அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வரும் நாட்டின் தகைமை. அரச வேலைக்கும், பிறகு மேலே டிப்ளோமா வரை ஏறுவதற்கும் நான்காம் மட்டம் உதவும், தொழிற்பயிற்சி அதிகாரசபையில் குறைந்த செலவில் முடிக்கலாம். ஏ.எல். சரிவராத தம்பி தங்கைமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிசிஎன்ஏயை அதற்குப் பிறகும் செய்யலாம், அதற்கு முன்தகைமை எதுவும் கேட்பதில்லை.

சந்தையில் என்னென்ன இருக்கிறது

கொம்ப்டியா ஏ பிளஸ் என்பது கணினி, பிரிண்டர், விண்டோஸ், பழுது பார்த்தல் என்று அடிப்படை. இரண்டு பரீட்சைகள் எழுத வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து அமெரிக்க விலை 500 டொலரைத் தாண்டும். பாடத்தைப் படியுங்கள், புரொஃபசர் மெஸ்ஸரின் வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகக் கிடக்கின்றன, பரீட்சைக்குக் காசு கட்டாதீர்கள். கடையில் ஆறு மாதம் லெப்டொப் திருத்திய அனுபவத்தை நம்மூர் முதலாளி அதைவிட மதிப்பார்.

கொம்ப்டியாவின் நெட்வேர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல் நெட்வேர்க்கைச் சொல்லித்தருகிறது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 720 எடுத்தால் சித்தி. நல்ல பரீட்சைதான். ஆனால் விலையில் சிசிஎன்ஏயைவிடக் கூட, நான் பார்க்கிற வளைகுடா, கொழும்பு விளம்பரங்களில் பெயர் அடிபடுவது சிசிஎன்ஏயைவிடக் குறைவு. இரண்டையும் எடுக்க நினைக்கிறவர்கள் நெட்வேர்க் பிளஸ்ஸை விட்டுவிடலாம்.

சிசிஎன்ஏ 300 டொலர், 120 நிமிடம். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 90,000 ரூபா. பாடத்தில் கால்வாசி ஐபி இணைப்பு, அதாவது ரவுட்டிங். நெட்வேர்க் அடிப்படைகளும் சுவிட்ச், வைஃபை சார்ந்த பகுதியும் ஆளுக்கு 20 சதவீதம். மிச்சத்தில் 15 சதவீதம் பாதுகாப்பு, தலா 10 சதவீதம் ஐபி சேவைகளும் ஓட்டோமேஷனும். ஆக இதற்குள்ளேயே செக்கியூரிட்டியின் அடித்தளமும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், இதில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப்போக முடியாது. கொம்ப்டியாவில் போகலாம்.

சிசிஎன்ஏ மலைப்பாகத் தெரிந்தால் அதற்குக் கீழே சிஸ்கோவின் சிசிஎஸ்டி இருக்கிறது, நெட்வேர்க்கிங்கில் ஒன்றும் சைபர் செக்கியூரிட்டியில் ஒன்றும். பள்ளிக்கூடத்தில் படிக்கிறவருக்கு ஊக்கமாக இருக்கும். வேலைக்கு என்றால் அந்தக் காசைச் சேர்த்து வைத்துச் சிசிஎன்ஏயே எழுதுங்கள்.

ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி என்கிற 'சேர்ட்டிபைட் இன் சைபர் செக்கியூரிட்டி' தொடக்கநிலை ஆட்களுக்கென்றே செய்தது, அனுபவம் கேட்பதில்லை. பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் பரீட்சையும் இலவசம் என்ற திட்டத்தை அவர்கள் அறிவித்து நடத்தினார்கள், நீங்கள் பதியும் நாளில் அது திறந்திருக்கிறதா என்று அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: சித்தியடைந்த பிறகு சான்றிதழை வைத்திருக்க வருடத்துக்கு 50 டொலர் கட்ட வேண்டும். இலவசம் என்று போனவர்கள் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிரச்சினை இல்லை.

மைக்ரோசொஃப்ட்டின் அடிப்படைச் சான்றிதழ்களான எஸ்சி-900 (பாதுகாப்பு), ஏஇசட்-900 (கிளவுட்) இரண்டும் காலாவதியாகாதவை, விலையும் குறைவு, கிளவுட் பக்கம் போகிறவருக்கு நல்ல தொடக்கம். ஃபோர்ட்டிநெட் தன் இணையவழிப் பயிற்சியை இலவசமாகத் தருகிறது, அதன் ஃபோர்ட்டிகேட் ஃபயர்வோல் பயன்படுத்தும் அலுவலகத்தில் வேலை தேடுகிறவர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மேல்நிலைப் பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், முழுத் தகுதிக்கு 5 வருட அனுபவம் வேண்டும். எத்திக்கல் ஹெக்கிங் சான்றிதழான சிஇஎச் பற்றி என் கருத்துக் கொஞ்சம் கடுமையானது: பெயர் கவர்ச்சி, விலை ஆயிரம் டொலரை ஒட்டிப் போகும், அதிகாரபூர்வ வகுப்பு இல்லாமல் எழுத இரண்டு வருட அனுபவமும் காட்டவேண்டும். முதல் வேலை தேடுகிறவருக்கு இது ஏற்றதே இல்லை. நிறுவனம் காசு கட்டி அனுப்பினால் போங்கள்.

செக்கியூரிட்டி ஆசைக்காரர்களுக்கு

நெட்வேர்க் தெரியாமல் நெட்வேர்க்கைப் பாதுகாக்க முடியாது. சொக்கில் முதல் நாளே திரையில் வருவது ஐபி முகவரிகள், போர்ட் இலக்கங்கள், இணையத்தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் வினவல்கள். 443க்கும் 3389க்கும் வித்தியாசம் தெரியாதவர் அங்கே என்னத்தைப் பார்ப்பார்? ஒன்று சாதாரண வெப் போக்குவரத்து, மற்றது ரிமோட் டெஸ்க்டொப். வெளியிலிருந்து யாரோ இரவு இரண்டு மணிக்கு இரண்டாவதைத் தட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் உடனே கண் போகவேண்டும். அதனால்தான் சிசிஎன்ஏ முதலில் என்கிறேன். கூடவே லினக்ஸ் பழகுங்கள், ஓவர்த வயர் தளத்தின் 'பாண்டிட்' விளையாட்டு இலவசம், கமாண்ட் லைன் கை படிய அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வயர்ஷார்க்கை இறக்கி உங்கள் சொந்த வீட்டு இணையத்தில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

சொந்த வீட்டு இணையம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் புகுவது அதன்படி குற்றம், சிறைக்கும் போகலாம். பக்கத்து ஹோட்டல் வைஃபையில் பழகிப் பார்ப்பது, பள்ளிக்கூட இணையத்தளத்தைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். ட்ரை ஹெக் மீ போன்ற பயிற்சித் தளங்கள் அதற்காகவே இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள், தமிழிலேயே இருக்கிறது. பாதுகாப்பு வேலைக்கான இன்டர்வியூவில் அதைப் பற்றி இரண்டு வசனம் சொல்லத் தெரிந்த இளம் ஆளை யாரும் மறக்கமாட்டார்கள்.

சிசிஎன்ஏ கையில் இருந்து, செக்கியூரிட்டிக்குள்தான் போவேன் என்று உறுதியாக இருக்கிறவர் அடுத்துச் செக்கியூரிட்டி பிளஸ் எழுதலாம். தேர்ச்சி 750. அதன் 701 பதிப்பில் 28 சதவீதம் அன்றாடப் பாதுகாப்பு நடவடிக்கைகள், 22 சதவீதம் தாக்குதல்களும் பலவீனங்களும். முதல் சம்பளம் வந்த பிறகு எழுதுங்கள், வீட்டுக் காசில் வேண்டாம்.

படிப்பது

சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியில் கணக்குத் திறந்தால், கணினிக்குள்ளேயே நெட்வேர்க் கட்டிப் பழகும் மென்பொருளான பக்கெட் டிரேசர் இலவசம். 4 ஜிபி ராம் உள்ள பழைய லெப்டொப்பிலும் ஓடும். ஜெரமிஸ் ஐடி லேப் யூடியூபில் முழுச் சிசிஎன்ஏ பாடத்தையும் பயிற்சிகளோடு இலவசமாக வைத்திருக்கிறது, இந்த இரண்டுமே பெரும்பாலானோருக்குப் போதும்.

வீடியோ பார்ப்பது படிப்பு இல்லை, கட்டிப் பார்க்க வேண்டும். என்ன கட்டுவது என்றால், உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சின்ன ஹோட்டலைக் கற்பனை பண்ணுங்கள். ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வேர்க்குகளாகப் பிரிப்பதுதான் விலேன்: வரவேற்பு மேசைக் கணினிகள் விலேன் 10, சிசிடிவி விலேன் 20, விருந்தினர் வைஃபை விலேன் 30. ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், இடையில் மூன்று விலேனையும் கொண்டுபோகும் ட்ரங்க் போர்ட். ரவுட்டரில் மூன்று துணை இன்டர்பேஸ், மூன்றுக்கும் முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி. பிறகு விருந்தினரின் 192.168.30.0 பக்கத்திலிருந்து வரவேற்பின் 192.168.10.0 பக்கத்துக்குப் போகிறதை அக்சஸ் லிஸ்ட், அதாவது எது போகலாம் எது போகக்கூடாது என்ற பட்டியல், போட்டுத் தடுங்கள். போட்டதும் விருந்தினருக்கு இணையமே நின்றுவிடும்! ஏனென்றால் அக்சஸ் லிஸ்ட்டின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'எல்லாவற்றையும் மறு' எப்போதும் இருக்கிறது, தடுக்கிற வரிக்குக் கீழே 'மற்றதை அனுமதி' என்ற வரியை நீங்கள்தான் எழுதவேண்டும். இதைத் தானே கட்டி, தானே உடைத்து, தானே திருத்தியவர் இன்டர்வியூவில் மனப்பாடம் ஒப்பிக்க மாட்டார், நடந்ததைச் சொல்வார். கட்டியதைப் படம் பிடித்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் அது உங்கள் சிவியோடு போகும்.

ஒரு நெட்வேர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிற சப்நெட்டிங்தான் பலர் நின்றுவிடுகிற இடம். 192.168.10.77 /26 எந்த நெட்வேர்க்கில்? /26 என்றால் முகவரியின் 32 பிட்டில் 26 நெட்வேர்க்குக்கு, மிச்சம் 6 பிட்டில் 64 முகவரி, ஆகவே 64, 64ஆகத் தாவும்: 0, 64, 128, 192. 77 விழுவது 64க்கும் 128க்கும் நடுவில், ஆகவே நெட்வேர்க் 64, எல்லாக் கருவிகளுக்கும் ஒரேயடியாக அனுப்புகிற புரோட்காஸ்ட் முகவரி 127, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை 62 முகவரிகள். தாள் பேனாவோடு தினமும் பத்துக் கணக்குச் செய்தால் சில வாரங்களில் மனதிலேயே வரும். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரிதான், வந்துவிட்டால் போகாது.

பழுது பார்ப்பதையும் கூடவே பழகுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு டிஎச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள், கேபிளையும் விலேனையும் டிஎச்சிபியையும் அந்த வரிசையில் பாருங்கள். தொடக்க வேலை இன்டர்வியூக்களில் இப்படிப்பட்ட கேள்விகள்தான் அதிகம் வரும்.

மொழி பற்றி ஒன்று. பரீட்சை தமிழில் இல்லை. விளங்கிக்கொள்வதைத் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், நண்பருக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள், ஆனால் பயிற்சிக் கேள்விகளை நேரம் வைத்து ஆங்கிலத்தில் மட்டும் செய்யுங்கள். விஷயம் தெரிந்தும் கேள்வியை வாசித்து முடிக்க நேரம் போதாமல் தோற்கிற பிள்ளைகளைப் பார்க்கவே மனம் கேட்காது.

'டம்ப்' என்று வட்ஸ்அப்பில் வரும், கசிந்த உண்மைப் பரீட்சைக் கேள்விகளின் திரட்டுகளைத் தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழைப் பறித்து, இனி எழுத முடியாமல் தடைசெய்ய சிஸ்கோவுக்கும் கொம்ப்டியாவுக்கும் அதிகாரம் உண்டு. பிடிபடாவிட்டாலும் முதல் வாரத்திலேயே சுவிட்ச் முன்னால் நிற்கும்போது வெளிச்சமாகிவிடும்.

பதிவதும் எழுதுவதும்

காசு கட்டச் சர்வதேசக் கொடுக்கல் வாங்கலுக்குத் திறந்த கார்ட் வேண்டும். வங்கியில் முன்கூட்டியே சொல்லித் திறந்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமா சித்தப்பாவிடம் கேட்பதென்றால் வவுச்சரை வாங்கித் தரச் சொல்லும் முன், அது இலங்கையில் செல்லுபடியாகுமா என்று பாருங்கள், சில வவுச்சர்கள் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நமக்கு அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், நடுவில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் எப்படி ஆங்கிலத்தில் இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பியர்சன் வியூ கணக்கில் பதியுங்கள். பாஸ்போர்ட்டே இல்லாதவர் பதிவதற்கு முன் அதை எடுத்துவிடுவது நல்லது, எப்படியும் வளைகுடா யோசனை இருந்தால் தேவைப்படும்.

வீட்டிலிருந்தே ஒன்லைனில் எழுதலாம், அல்லது கொழும்பில் நிலையத்துக்குப் போகலாம். வீட்டில் எழுதினால் அறைக்குள் யாரும் வரக்கூடாது, மேசையில் தாள்கூட இருக்கக்கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கக்கூடாது, இணையம் அறுந்தால் கஷ்டம். கூட்டுக்குடும்பத்தில், கோயில் திருவிழாக் காலத்தில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் இந்த ரிஸ்க்கை எடுக்கவேண்டாம். முதல் நாளே கொழும்புக்குப் போய் சொந்தக்காரர் வீட்டில் தூங்கி எழுந்து எழுதுங்கள். இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே பரீட்சைக்குப் போவது வேண்டாம்.

சிசிஎன்ஏயும் கொம்ப்டியாவும் மூன்று வருடத்துக்குத்தான். சிசிஎன்ஏயை மீண்டும் எழுதியோ, மேல்நிலைப் பரீட்சை ஒன்றில் சித்தியடைந்தோ, 30 தொடர்கல்விப் புள்ளி சேர்த்தோ நீடிக்கலாம். செக்கியூரிட்டி பிளஸ்ஸுக்கு 50 புள்ளியும் வருடாந்தக் கட்டணமும். எடுத்த திகதியை உடனே ஃபோனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள், காலாவதியான பிறகு முழுதாக எழுதவேண்டி வரும்.

முதல் தடவை சித்தியடையாவிட்டால் பெறுபேற்றுத் தாளை எறியாதீர்கள், அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு எடுத்தீர்கள் என்று இருக்கும். குறைந்த இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்துப் பக்கெட் டிரேசரில் மறுபடி கட்டுங்கள். சிஸ்கோவில் ஐந்து நாள் கழித்தே மீண்டும் எழுத விடுவார்கள், ஆனால் கட்டணம் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும் என்பதால் ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதீர்கள், ஐடி சப்போர்ட் வேலைகளுக்குப் பலர் கட்டிக் காட்டியதைப் பார்த்தே எடுக்கிறார்கள்.